பணியிடத்தில் உடல் தோரணையைப் புகைப்படத்தால் அளவிடுதல்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓவர்லாக் மெஷின் முன் அமர்ந்து தைக்கும் ஒரு டெய்லரின் கழுத்து அதிகமாகக் குனிந்திருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் சொல்லிவிடலாம். எத்தனை பாகை குனிந்திருக்கிறது என்று கேட்டால் இருவர் இரு எண்களைச் சொல்வார்கள். ஸ்டூலின் உயரத்தை மாற்றிய பிறகு அந்தக் குனிவு உண்மையில் குறைந்ததா என்று கேட்டால் இருவருமே தயங்குவார்கள். வேலையை உடலுக்கேற்ப அமைக்கும் துறையான பணிச்சூழலியலில் புகைப்படம் பயன்படுவது இந்த இடத்தில்தான். கணப்பொழுதில் மாறிவிடும் ஒரு தோரணையை அது நிறுத்தி வைக்கிறது; பிறகு பொறுமையாக அளக்கவும், வேறொருவரை மீண்டும் அளக்கச் சொல்லவும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் இடம் தருகிறது. ஆனால் கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதே முதுகு 24 பாகை சாய்ந்ததாகவும் தெரியும், 19 பாகை சாய்ந்ததாகவும் தெரியும். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையும் அந்தப் பகுதியிலேயே அதிக நேரம் நிற்கும். எடுத்துக்காட்டாகத் திருப்பூரின் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் பிரிவை வைத்துக்கொள்வோம். சொல்லப்படும் முறை செக்கிங் மேசைக்கும், அயர்ன் மேசைக்கும், அலுவலகக் கணினி முன் இருப்பவருக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதலில் முறை, பிறகு கேமரா

எந்தக் கோணங்கள் தேவை என்று தெரியாமல் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் பயனற்றவை. எனவே தோரணை உடலுக்கு எவ்வளவு கேடானது என்று கணிக்கும் மதிப்பீட்டு முறையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். 1970களில் பின்லாந்தின் ஓவாகோ எஃகு நிறுவனத்தில் உருவான ஓவாஸ் முறை முதுகு, கைகள், கால்கள், தூக்கும் சுமை ஆகிய நான்கையும் பெரிய வகைகளாகப் பிரிக்கிறது. பளு தூக்கும் வேலைகளுக்கு அது ஏற்றது, கழுத்தையும் மணிக்கட்டையும் அது நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. லின் மெக்காட்டம்னியும் நைஜல் கார்லெட்டும் 1993இல் வெளியிட்ட ரூலா முறை கழுத்து, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றைப் பாகைக் கணக்கில் பிரித்து 1 முதல் 7 வரை இறுதி மதிப்பெண் தருகிறது; எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். அது உருவான காலத்திலேயே கணினித் திரை முன் பணியாற்றுவோரிடமும் தையல் தொழிலாளர்களிடமும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. 2000இல் சூ ஹிக்னெட்டும் மெக்காட்டம்னியும் வெளியிட்ட ரீபா முறை முழு உடலுக்கானது. நோயாளிகளைத் தூக்கி நகர்த்தும் செவிலியர் பணி போன்றவற்றுக்கு அது பொருந்தும். அமர்ந்து தைக்கும் வேலைக்கு ரூலா போதும். ரூலா ஒரு சமயத்தில் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே மதிப்பிடுகிறது என்பதால் வலம், இடம் இரண்டுக்கும் தனித்தனிப் படங்கள் வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல்

நிர்வாகத்தின் அனுமதி தொழிலாளியின் ஒப்புதல் ஆகாது. படம் எதற்காக, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், வேண்டாம் என்று சொன்னால் எதுவும் நேராது என்பவற்றைத் தனியாகச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்குப் படம் எடுக்கும் நேரம் கூலியைக் குறைக்கும் நேரம்; அதற்கு ஈடு தரப்படுமா என்பதை முதலிலேயே பேசித் தீர்க்காமல் கேமராவை எடுத்துச் செல்லக் கூடாது. வேலை வேகத்தை அளந்து டார்கெட்டை உயர்த்தத்தான் இந்தப் படம் என்ற ஐயம் எழுவது இயல்பு, அதில் நியாயமும் உண்டு. இந்தப் படங்கள் அதற்குப் பயன்படுத்தப்படமாட்டா என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கி, அதைத் தொழிலாளர்களிடம் காட்டுவதே அந்த ஐயத்துக்குச் சரியான பதில். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு, அடையாளம் தெரியும் முகப்படத்தைச் சேகரிப்பதை வெறும் அலுவலக நடைமுறையாக எண்ணிவிடக் கூடாது. படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பக் கூடாது. அறிக்கையில் சேர்க்கும் முன் கண், மூக்கு, வாய்ப் பகுதிகளை மறைத்துவிட வேண்டும். அளவீட்டுக்குக் காது தெரிந்தால் போதும், முகம் தேவையில்லை.

உடலில் குறிகள்

கோணம் என்பது இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ளது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரு புள்ளிகள் வேண்டும். பக்கவாட்டுப் படத்துக்கு இவை தேவைப்படும்: காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு குருத்தெலும்பு மேடு, தலையைக் குனியும்போது பின்கழுத்தின் அடியில் துருத்தும் ஏழாம் கழுத்து முள்ளெலும்பு, தோள்பட்டையின் வெளிநுனி எலும்பு, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனை, சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு, சுண்டுவிரல் தொடங்கும் கணு, இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் தொடையெலும்பு மேடு. கால் தோரணையும் தேவையானால் முழங்காலும் கணுக்காலும் சேரும்.

குறியிடுவதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. தோலின் மேல் ஒட்டுவதற்குப் பெரிய ஸ்டிக்கர் பொட்டு மிகவும் வசதியானது. வியர்வையிலும் ஓரளவு நிற்கும், யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. ஆடையின் மேல் ஒட்டுவதற்கு வண்ண டேப்பைச் சிறு வட்டமாக வெட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆடை நகர்ந்தால் குறியும் நகரும் என்பது நினைவில் இருக்க வேண்டும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் இடுப்புக் குறியையும் கழுத்துக் குறியையும் மறைத்துவிடும். மெஷினில் சிக்காமலிருக்கப் பலர் அவற்றை எப்படியும் இறுக்கிச் செருகிக்கொள்வதால், அந்த வழக்கமான நிலையில் எந்தக் குறி தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்வதே சரி. படத்துக்காக உடையை மாற்றச் சொல்லக் கூடாது. பெண்களுக்குக் குறி ஒட்டுவதை ஒரு பெண்ணே செய்ய வேண்டும்.

முதுகின் கோட்டை இடுப்பிலிருந்து தோள்நுனிக்கு வரைவதுதான் புதியவர்களின் வழக்கம். துணியைத் தள்ளுவதற்குக் கை முன்னே நீளும்போது தோள்பட்டையும் சேர்ந்து முன்னே நகர்வதால், முதுகு அசையாமலேயே சாய்ந்ததுபோல் அந்தக் கோடு காட்டும். இடுப்பிலிருந்து ஏழாம் கழுத்து முள்ளெலும்புக்கு வரையும் கோடு இந்தக் குழப்பத்துக்கு அவ்வளவாக ஆளாவதில்லை.

கேமராவை நிறுத்தும் இடம்

ஒருவர் முன்னோக்கிக் குனியும்போது உடல் அசையும் தளம் ஒன்று உண்டு: மூக்கிலிருந்து தொப்புள் வழியாக உடலை வலம் இடமாகப் பிரிக்கும் தளம். கேமரா அந்தத் தளத்துக்குச் செங்கோணத்தில், அதாவது ஆளுக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து விலகினால் குனிவு உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். கணக்கு எளியது: உண்மையான சாய்வின் டேன்ஜென்ட் மதிப்பை, கேமரா விலகிய கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கினால் படத்தில் தெரியும் சாய்வின் டேன்ஜென்ட் கிடைக்கும். 45 பாகை குனிந்த முதுகு, கேமரா 10 பாகை விலகியிருந்தால் 44.6 ஆகத் தெரியும். அந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 30 பாகை விலகினால் 41, 45 பாகை விலகினால் 35, 60 பாகை விலகினால் 27 பாகைக்கும் குறைவு. சிறு விலகலை மன்னிக்கும் இந்தக் கணக்கு பெரிய விலகலை மன்னிப்பதில்லை. தையல் வரிசையில் பக்கவாட்டில் இடமில்லாததால் எல்லோரும் சாய்வாக நின்று எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேல் விலகியவையே.

செங்கோணத்தைக் கண்மதிப்பாக வைக்காமல் தரையில் வரைந்துகொள்ள வேண்டும். ஆள் நோக்கும் திசையில் ஸ்டூலிலிருந்து 60 செ.மீ. டேப் ஒன்றை ஒட்டி, அதற்குக் குறுக்கே 80 செ.மீ. டேப் ஒன்றை ஒட்டி, இரு முனைகளுக்கும் இடையே சரியாக 100 செ.மீ. வருகிறதா என்று அளந்தால் மூலைமட்டம் இல்லாமலேயே செங்கோணம் கிடைத்துவிடும். இரண்டாவது டேப்பின் நீட்சியில் கேமரா நிற்கட்டும். ஆள் நோக்கும் திசை என்று சொல்வது மேசையின் திசையை அல்ல. ஊசிக்கு நேராக உடலைச் சற்றே திருப்பி அமர்பவர்கள் உண்டு, அவர்களுக்கு உடலின் திசையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரம் 3 முதல் 5 மீட்டர் வரை இருக்கட்டும். அருகில் நின்றால் கேமராவுக்குக் கிட்டத்திலுள்ள தோளும் கையும் பெரிதாகி, கோணங்கள் குலையும். கைபேசியின் அகன்ற கோண லென்ஸ், அதாவது 0.5 என்று காட்டும் தெரிவு, கூடவே கூடாது. அது ஓரங்களை இழுத்துவிடும். பின்னே சென்று, கைபேசியில் இருந்தால் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் பயன்படுத்தி, ஆளைப் படச் சட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும். உயரம் அமர்ந்திருப்பவரின் முழங்கை அளவு போதும். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்த படம் அளவீட்டுக்கு ஆகாது. முக்காலி கட்டாயம்.

கேமரா பக்கவாட்டில் சரிந்திருந்தால், செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கும் எல்லாக் கோணங்களிலும் அந்தச் சரிவு அப்படியே கூடும் அல்லது குறையும். முழங்கைபோல இரு உறுப்புகளுக்கு இடைப்பட்ட கோணங்களை அது பாதிக்காது. ஆகவே கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு ஒன்றைச் சட்டத்துக்குள் ஆளின் அருகே தொங்கவிட்டால், பிறகு கணினியில் அந்த நூலையே செங்குத்தாகக் கொள்ளலாம். முக்காலியில் ரசமட்டம் இருந்தாலும் நூல் இருப்பதே மேல். ரசமட்டத்தைப் பார்த்தவர் சரியாகப் பார்த்தாரா என்பது படத்தில் தெரியாது, நூல் தெரியும்.

ஃபிளாஷ் வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் போடும் ஊசியின் அருகே விரல் வைத்திருப்பவரைத் திடுக்கிட வைப்பது ஆபத்து. டியூப்லைட் வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை உயர்த்தி, ஷட்டர் வேகத்தை நொடியில் 250இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைக்கலாம்; சற்றுச் சொரசொரப்பான படத்தில் குறிகள் தெரியும், அசைந்த படத்தில் தெரியாது.

பக்கவாட்டுப் படம் ஒன்றே போதாது. உடல் பக்கமாக வளைந்திருப்பதையும் ஒரு தோள் உயர்ந்திருப்பதையும் பின்னாலிருந்து எடுத்த படமே காட்டும். இவை ரூலாவில் ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண் கூட்டுபவை. கழுத்தின் திருகலை மேலிருந்துதான் சரியாகப் பார்க்க முடியும். பெரும்பாலான கூடங்களில் அது நடக்காது என்பதால் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்வதே நடைமுறை.

எப்போது அழுத்துவது

கேமரா வந்தவுடன் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். கேமராவை நிறுத்திவிட்டு, படம் எடுக்காமல் கால் மணி நேரமாவது விட்டுவைத்தால் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகும் தோரணையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தக் கூடாது. அப்படி அழுத்துபவரின் கை தன்னையறியாமல் மிக மோசமான கணத்தைத் தேடிப் போகும். அறிக்கை படிப்பவரை அதிர வைக்கலாம், ஆனால் வேலையின் உண்மையான நிலை அதில் இருக்காது. கைபேசியின் இடைவெளிப் பதிவு வசதியை 30 நொடிக்கு ஒன்று என்று அமைத்துவிடுவது நல்லது, அல்லது வீடியோவாக எடுத்து அதே இடைவெளியில் படச் சட்டங்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பீஸ் முடிய ஆகும் நேரம் அந்த இடைவெளியோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு முறையும் ஒரே கணமே பதிவாகும். ஒரு பீஸுக்கு 30 நொடி என்றால் இடைவெளியை 37 என்று மாற்றிவிட வேண்டும். கட்டு அவிழ்ப்பது, துணி எடுப்பது, தைப்பது, தள்ளிவிடுவது என எல்லாப் பகுதிகளும் படங்களில் வர வேண்டும். காலையிலும் ஷிஃப்டின் கடைசி மணி நேரத்திலும் எடுத்தால் களைப்பின் விளைவும் தெரியும்.

இத்துடன் ஒவ்வொருவரையும் வேலை செய்யாத நிலையில், நேரே பார்த்து இயல்பாக நிமிர்ந்து அமரச் சொல்லி ஒரு நடுநிலைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கழுத்தை அளக்கவே முடியாது; காரணம் அடுத்து வருகிறது.

அளத்தல்

இமேஜ்ஜே, கினோவியா ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். இரண்டிலும் கோணம் அளக்கும் கருவி உண்டு. முதலில் தூக்கு நூலின் கோணத்தை அளந்து கேமராவின் சரிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதுகுச் சாய்வு, இடுப்பிலிருந்து ஏழாம் முள்ளெலும்புக்குச் செல்லும் கோடு செங்குத்திலிருந்து விலகிய அளவு. தோள் கோணம், மேற்கை முதுகுக் கோட்டோடு உண்டாக்குவது, செங்குத்தோடு அல்ல. கழுத்தும் அப்படியே, ரூலா கேட்பது முதுகைச் சார்ந்த குனிவை.

முள்ளெலும்பிலிருந்து காதுக்குச் செல்லும் கோடு, நன்றாக நிமிர்ந்த நிலையிலும் செங்குத்தாக இருக்காது. முன்னோக்கிச் சாய்ந்தே இருக்கும். ஒருவரின் நடுநிலைப் படத்தில் அந்தக் கோடு செங்குத்திலிருந்து 40 பாகை, முதுகு 2 பாகை என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 38. வேலையின்போது எடுத்த படத்தில் அதே கோடு 86 பாகை, முதுகு 24 பாகை என்றால் வித்தியாசம் 62. இதிலிருந்து நடுநிலையின் 38ஐக் கழித்தால் கழுத்தின் குனிவு 24 பாகை. நடுநிலைப் படம் இல்லாதவர் 86 என்றோ 62 என்றோ எழுதிவிடுவார்.

மணிக்கட்டு தனித் தொல்லை. முழு உடலும் தெரியும் படத்தில் முதுகுக் கோடு 400 பிக்சல் நீளம் என்றால், ஒரு முனையில் 5 பிக்சல் தவறிச் சொடுக்கினாலும் பிழை 1 பாகைக்குள் அடங்கும். கையின் கோடு 60 பிக்சல் மட்டுமே இருக்கும், அங்கே அதே தவறு ஏறத்தாழ 5 பாகை. ரூலாவில் மணிக்கட்டின் எல்லை 15 பாகை என்பதால் இது மதிப்பெண்ணையே மாற்றும். கைகளுக்கு மட்டும் தனி நெருக்கப் படம் எடுப்பதே தீர்வு. மறைந்திருக்கும் புள்ளியை ஊகித்து வைக்காமல், அளக்க இயலாது என்று எழுதிவிட வேண்டும்.

ஒரே படத்தைச் சில நாள் கழித்து முந்தைய எண்ணைப் பார்க்காமல் மீண்டும் அளந்தும், இன்னொருவரை அளக்கச் சொல்லியும் பார்த்தால் தம் கையின் பிழை எத்தனை பாகை என்பது தெரிந்துவிடும். அந்த அளவுக்குள் ஓர் எல்லைக்கோடு வந்தால் இரு மதிப்பெண்களையும் பதிவதே நேர்மை.

மதிப்பெண்ணாக மாற்றுதல்

அதே டெய்லரை எடுத்துக்கொள்வோம். மேற்கை 35 பாகை முன்னே இருக்கிறது. 20க்கும் 45க்கும் இடையில் என்பதால் 2. முழங்கை மடிப்பு 85, இது 60க்கும் 100க்கும் இடையில் என்பதால் 1. மணிக்கட்டு 10 பாகை வளைவு 2, திருகல் சிறிது 1. ரூலாவின் மூன்று மதிப்பெண் அட்டவணைகளில் முதலாவதில், கைக்கான இந்த நான்கும் சேர்ந்து 3. ஒரே அசைவு நிமிடத்துக்கு 4 முறைக்கு மேல் திரும்ப வருவதால் 1 கூட்டி 4. துணியின் எடை 2 கிலோவுக்குக் குறைவு என்பதால் விசைக்கு எதுவும் இல்லை. கழுத்து 24 பாகை, 20க்கு மேல் என்பதால் 3. முதுகு 24 பாகை, 20க்கும் 60க்கும் இடையில் என்பதால் 3. கால்கள் தாங்கலுடன் இருப்பதால் 1. கழுத்து, முதுகு, கால் மூன்றையும் சேர்க்கும் இரண்டாம் அட்டவணையில் 4, ஒரே நிலையில் 1 நிமிடத்துக்கு மேல் இருப்பதால் 1 கூட்டி 5. மூன்றாம் அட்டவணையில் 4உம் 5உம் சந்திக்கும் இடத்தில் இறுதி மதிப்பெண் 5. ரூலா 5ஐயும் 6ஐயும் விரைவில் மாற்றம் வேண்டும் என்ற மூன்றாம் நிலையில் வைக்கிறது.

இப்போது கேமரா 40 பாகை விலகி நின்றதாகக் கொள்வோம். 24 பாகை முதுகு படத்தில் 18.8 ஆகத் தெரியும். 20க்குக் கீழே வந்துவிட்டதால் முதுகின் மதிப்பெண் 2. மற்றவை மாறாதிருந்தாலும் இறுதி மதிப்பெண் 4. மேலும் ஆராயலாம் என்ற இரண்டாம் நிலை. அதே ஸ்டூல், அதே உடம்பு. ஒரு கோப்பு மேசையில் அவசரமாகக் கிடக்கும், மற்றொன்று அலமாரிக்குப் போகும்.

படம் சொல்லாதவை

விசை, அதிர்வு, தசையின் இறுக்கம், வலி, ஓய்வு இடைவெளி ஆகிய எதுவும் படத்தில் இல்லை. அவற்றைக் கேட்டும் கடிகாரம் வைத்தும் அறிய வேண்டும். எங்கே வலிக்கிறது என்று உடல் வரைபடம் ஒன்றில் டெய்லரையே குறிக்கச் சொன்னால், எந்தப் படத்தை முதலில் அளப்பது என்பதற்கும் அது வழிகாட்டும். கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் படத்திலுள்ள உடலில் 33 புள்ளிகளைத் தானே கண்டறிகிறது, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்போஸும் இத்தகையதே. ஆயிரக்கணக்கான சட்டங்களைச் சலிக்க இவை உதவும். ஆனால் மேசைக்கு அடியில் மறைந்த முழங்காலையும் மெஷினுக்குப் பின்னால் மறைந்த கையையும் ஊகிக்கும் இத்தகைய கருவி, ஊகித்த புள்ளியையும் கண்ட புள்ளியைப் போலவே வரைந்து காட்டக்கூடும். கையால் அளக்கப் பழகாதவர் அதன் பிழையைக் கண்டுபிடிக்க மாட்டார் என்பதால், முதல் சில ஆய்வுகளைக் கையாலேயே செய்யுமாறு பரிந்துரைப்பேன்.

மாற்றத்துக்குப் பிறகு

கோணத்தின் காரணம் பெரும்பாலும் உடலுக்கு வெளியே இருக்கும்: கால்மிதி தூரமாக இருப்பதால் முன்னே நகர்ந்து அமர்வது, ஊசி சரியாகத் தெரியாததால் குனிவது, மேசை தாழ்ந்திருப்பதால் வளைவது. விளக்கை ஊசியருகே கொண்டுவருவது, மிதியை நகர்த்துவது, மேசைப் பலகையை டெய்லரை நோக்கிச் சற்றே சாய்ப்பது ஆகியவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலன் தந்தது என்பது தெரியும். மாற்றிய அன்றே படம் எடுத்தால் புதிய ஏற்பாட்டுக்குப் பழகாத உடலின் தோரணையே பதிவாகும். ஓரிரு வாரம் பொறுத்து, அதே ஆள், தைக்கும் ஆடையின் அதே ஸ்டைல், அதே நேரம், தரையில் அதே டேப் குறி, அதே லென்ஸ், அதே உயரம் என்று எடுக்க வேண்டும். இவை அனைத்தையும் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, கேமரா இருந்த இடத்தையும் ஒரு படமெடுத்துக் கோப்பில் சேர்த்து வைத்தால் இரண்டாம் முறை வருபவர் வேறொருவராக இருந்தாலும் பணி நடக்கும். தரை கூட்டுபவர் டேப்பைக் கிழித்துவிடுவார் என்பதால் தூண் அல்லது சுவரிலிருந்து அளந்த தூரத்தையும் அந்தத் தாளில் குறிக்கவும். ஒப்பீடு முடிந்ததும், ஒப்புதல் தாளில் சொன்ன நாளுக்குள், முகம் தெரியும் மூலப் படங்களைக் கைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிட்டு, படம் கொடுத்தவர்களிடம் அதைத் தெரிவிக்க வேண்டும்.